தொப்பென்று இறங்கிய நாட்கள்

ஆகாய விமானம் ஓட்டப் பழகுகிறவனுக்கு ஆகாயத்தில் ஒரு தொல்லையும் கிடையாது; தொல்லையெல்லாம் தரைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான். சைக்கிள் பழகும்போது கள்ளி வேலிக்குள் போய் விழுந்தவர்கள், மோட்டார் பழகும்போது மாமனார் வீட்டு மாட்டுக் கொட்டகையைச் சாய்த்தவர்கள் எல்லோரையும் என் சொந்தக்காரர்களாகவே நினைத்து இதை எழுதுகிறேன். நீங்கள் பட்டதை நான் கொஞ்சம் உயரத்திலிருந்து பட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கோயமுத்தூருக்கு நீலகிரிப் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்து, மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த முப்பதுகள் அவை. எங்கள் பக்கத்து மில் முதலாளி ஒருவர் தம் மகன் பழகுவதற்காக, மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்த சின்ன விமானம் ஒன்றை பெங்களூரிலிருந்து வாடகைக்கு வரவழைத்தார். கூடவே டிசூசா என்று ஒரு வாத்தியாரும் வந்தார். பையன் தனியாகப் பழகினால் சீக்கிரம் சலித்துவிடுவான் என்று, அவனோடு படித்த என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

என் தகப்பனார் சிங்காநல்லூரில் பருத்தியும் சோளமும் போடுகிற குடியானவர். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். ஐப்பசி மழை விழுந்தால் மைதானம் சேறாகும், விமானமும் வாத்தியாரும் பெங்களூருக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குள் நான் தனியாக ஏறித் தனியாக இறங்கிவிட்டால் மேற்கொண்டு லைசென்ஸுக்குப் படிக்கலாம். இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு அண்ணனுடைய ஜின்னிங் ஃபேக்டரிக்குப் போய்விட வேண்டும். பஞ்சுத் தூசியில் தும்மியே ஆயுளைக் கழிக்க எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆகவே சம்மதித்தேன்.

ஆடுகளின் அபிப்பிராயம்

மைதானம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். குளத்துக்குக் கிழக்கே முதலாளிக்குச் சொந்தமாகக் கிடந்த தரிசு நிலம், அவ்வளவுதான். புல் வெட்ட ஆள் வைக்கவில்லை. ராமாத்தாள் என்ற அம்மாளின் ஆடுகள் அந்த வேலையைச் செய்தன. காலையில் விமானத்துக்கு, வெயில் ஏறியதும் ஆடுகளுக்கு என்று ஏற்பாடு. ஏற்பாடு செய்தபோது ஆடுகளோடு யாரும் கலந்தாலோசிக்கவில்லை. எனவே அவை காலையிலும் வந்தன.

முதலில் விமானத்தைக் கண்டாலே சிதறி ஓடின. நாள்பட்டதும் பயம் தெளிந்துவிட்டது. நாங்கள் இறங்க வந்தால் மெல்ல ஓரமாக நகர்ந்து வழிவிட்டு, மறுபடி மேயத் தொடங்கிவிடும். எனக்கும் அதில் ஒரு பெருமை. ஒரு நாள் ராமாத்தாளிடம் அதைச் சொன்னேன். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "முதலாளி ஊட்டுத் தம்பி வந்தாத்தானுங்க அப்படி ஒதுங்கும். நீங்க வாரது சத்தத்துலயே அதுகளுக்குத் தெரிஞ்சு போயிருதுங்க. வேலியத் தாண்டிக் குளத்துக்கே ஓடிப்போயிருதுங்க!"

மரத்துக்கு முன்னால் மரியாதை

எங்கள் விமானத்தில் ஒருவர் பின் ஒருவராக இரண்டு சீட்டு. முன் சீட்டில் வாத்தியார், பின் சீட்டில் மாணாக்கன். இருவருக்கும் தனித்தனியாகக் கால்களுக்கு நடுவே ஒரு கோல் நிற்கும். அதற்கு ஸ்டிக் என்று பெயர். இழுத்தால் விமானம் மூக்கைத் தூக்கும், தள்ளினால் மூக்கைத் தாழ்த்தும். இரண்டு ஸ்டிக்கும் அடியில் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. அவர் அசைத்தால் என்னுடையதும் அசையும். என்ஜின் இரைச்சலில் காதோடு பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய் உண்டு.

டிசூசா பெங்களூர் கண்டோன்மென்ட்டில் வளர்ந்தவர். அவர் தமிழ் சுருக்கமானது. எங்கள் தமிழ் அப்படியா? பெரியவர்களிடம் ஒரு குறையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் மன்னிப்புக் கேட்டு, பிறகு அவரைக் கொஞ்சம் உயர்த்திவைத்து, அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வரவேண்டும். ஒரு நாள் அவர் தாழ்வாக ஓட்டிக்கொண்டே எதையோ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழாயில் ஆரம்பித்தேன்: "ஏனுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரியாததில்லீங்க. இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லிப்போடலாம்னு பாத்தனுங்க. எதுக்கால ஒரு பனைமரம் நிக்கற மாதிரி..."

நான் முடிப்பதற்குள் அவரே நிமிர்ந்து பார்த்து, ஸ்டிக்கை இழுத்தார். பனையோலை சக்கரத்தில் உரசியது. நுங்குக் குலையை எட்டிப் பறித்திருக்கலாம். கீழே இறங்கியதும் அவர் தலையில் மாட்டியிருந்த தோல் குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பழனி, மேலே இருக்கறப்போ 'மரம்'னு மட்டும் சொல்லு மேன். மிச்ச மரியாதை எல்லாம் கீழே வந்து குடு!"

ஆடிக் காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். வேட்டி கட்டிய மனிதன் மேற்கே பார்த்து நடக்க முடியாது. அந்தக் காற்றில் நான் ஒரு நாள் சூலூர்ப் பக்கத்திலிருந்து திருச்சி ரோட்டை ஒட்டியே மேற்கு முகமாக மைதானத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் டிசூசா சும்மா உட்கார்ந்திருந்தார். என்ஜின் முழுசாக முழங்குகிறது. கீழே பார்த்தால் ஒரு புளியமரம். வெகுநேரம் கழித்துப் பார்த்தால் அதே புளியமரம். அதன் அடியிலிருந்து கிளம்பிய பருத்தி வண்டி ஒன்று ஆடி அசைந்து முன்னே போய்க்கொண்டிருந்தது.

முதலாளி மகன் அந்த மாதத்திலேயே தனியாக ஓட்டி இறங்கிவிட்டான். அவனுக்கு மாலை போட்டார்கள். நானும் கைதட்டினேன். மனசுக்குள் அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் சந்தையில் ஒரு வண்டிக்காரர் என்னை அடையாளம் கண்டு வந்து கும்பிட்டார். "தம்பி, அன்னைக்குப் புளியமரத்துக்கு மேலயே நின்னுட்டு இருந்தீங்களே, ஒரு கையக் காட்டியிருந்தா வண்டியில ஏத்தியாந்து உட்டிருப்பனுங்க!"

கோபி மாமன் பார்வையிட்டது

புரட்டாசியில் என் தாய்மாமன் கோபிசெட்டிபாளையத்திலிருந்து குடும்பத்தோடு வந்தார். மருமகன் ஆகாயத்தில் பறப்பதைப் பார்க்க ஒரு வாடகைக் கார், அதற்குள் அடங்காத ஜனம், மடியில் வாழைத்தார். அத்தை விமானத்தின் இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். தேங்காய் உடைத்தார்கள். டிசூசாவும் திருநீறு பூசிக்கொண்டார். அன்றைக்கு நன்றாக ஓட்டிவிட்டால் மறுநாளே என்னைத் தனியாக அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். என் நெஞ்சு என்ஜினைவிட வேகமாக அடித்துக்கொண்டது.

மேலே எல்லாம் அழகாக நடந்தது. திரும்பி வந்து, என்ஜினைக் குறைத்து, சறுக்கிக்கொண்டு மைதானத்தின் விளிம்பைத் தாண்டினேன். தரை ஓர் ஆள் உயரத்தில் வந்துவிட்டது. இனி ஸ்டிக்கை மெதுவாக, குழந்தையைத் தொட்டிலில் படுக்கவைக்கிற மாதிரி, இழுத்துக்கொண்டே வரவேண்டும். அந்த நேரம் பார்த்து ஸ்டிக் என் கையில் இலேசாக அசைந்தது. சரி, வாத்தியார் பிடித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பெரியவர் ஒன்றைப் பிடித்த பிறகு நாமும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அழகா? கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கணம் மூக்கு கவிழ்ந்தது. தொம்மென்று ஓர் அடி. விமானம் பந்தாக எழும்பியது. மறுபடி தொம். இன்னொரு தரம் எழும்பி, தொப்பென்று உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வலது சக்கரத்தின் கால் வளைந்துவிட்டது. என் பல் நாக்கைக் கடித்திருந்தது. புழுதி அடங்குவதற்குள் மாமன் ஓடி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "மாப்பிள்ளை, நான் என்னமோ பஞ்சு மாதிரி வந்து உக்காரும்னு நெனச்சனுங்க. இது நெம்ப நல்லாருந்துச்சுங்க. எறங்குனது அக்கட்ட ஊரு வரைக்கும் தெரிஞ்சிருக்குமுங்க!"

ஆறுதல் சொன்னேன்

வளைந்த காலை மில் பட்டறையில் நிமிர்த்தினார்கள். முதலாளி வந்து பார்த்தார். கோபப்படவில்லை, அவர் கோபப்பட்டிருந்தாலே தேவலை. "இன்னொருக்கா ஒடைஞ்சுதுன்னா மழைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாமுங்க, அப்படியே ரயில்ல ஏத்தி அனுப்பிப்போடலாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். டிசூசா பட்டறைத் திண்டில் உட்கார்ந்து சிகரெட் மேல் சிகரெட்டாகப் பிடித்தார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு அனுபவம் உள்ள மனிதர், இத்தனை பேர் முன்னால் இப்படி இறக்கிவிட்டாரே! நானாக அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. பக்கத்தில் போய், "அதுனால என்னங்க சார், யாருக்கும் வாரதுதானுங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு எதுக்கு மேன் ஆறுதல்? இறக்கினது நீதானே?" என்றார். "இல்லீங்க சார், நீங்கதானுங்களே புடிச்சீங்க? அதுதான் நான் உட்டுப்போட்டனுங்க" என்றேன்.

அவர் சிகரெட் தரையில் விழுந்தது. ஸ்டிக்கைத் தொட்டது அவர்தான். இறக்கை சற்றே சரிந்ததை ஒரு விரலால் திருத்திவிட்டு, உறவினர் முன்னால் பெருமை எனக்கே வரட்டும் என்று கையை எடுத்துவிட்டார். அதாவது அந்த விமானத்தை ஓர் ஆள் உயரத்திலிருந்து யாருமே ஓட்டவில்லை. டிசூசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க ஊர்லே வாசப்படியிலே ரெண்டு பேர், 'நீங்க போங்க, நீங்க போங்க'ன்னு நிப்பாங்களே, அதை நாம ஆகாசத்துலே பண்ணிட்டோம் மேன்!"

கை தூக்கிய வாத்தியார்

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் பழக்கம் போகவேண்டுமே! ஸ்டிக்கை இனித் தொடமாட்டேன் என்று டிசூசா சத்தியம் செய்தார். நானும் விடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இருந்தும் தரை நெருங்கும்போது அவர் தோள் கொஞ்சம் அசைந்தால் போதும், என் பிடி தானாகத் தளரும். அவர் தும்மினால்கூட நான் பொறுப்பை ஒப்படைத்துவிடுவேன்.

கடைசியில் அவர் ஓர் உபாயம் செய்தார். இறங்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேலே உயரத் தூக்கிக்கொள்வது. கை இரண்டும் கண்ணெதிரே நிற்கிறபோது ஸ்டிக்கை யார் பிடித்திருப்பதாக நினைக்க முடியும்? உபாயம் பலித்தது. அந்த வாரம் முழுக்க அவர் கைகளைத் தூக்கியபடியே வந்து இறங்கினார். எதுவும் உடையவில்லை. நான்தான் இறக்கினேன் என்று எனக்கே நம்பிக்கை வர ஆரம்பித்தது. கீழே நின்ற ராமாத்தாள் மட்டும் ஒரு நாள் என்னைத் தனியாக ஓரங்கட்டிக் கேட்டாள்: "ஏனுங்க தம்பி, நீங்க எறக்குறப்ப எல்லாம் வாத்தியாரு அப்படிக் கையெடுத்துக் கும்புடறாரே, வேண்டுதலுங்களா?"

ஆறிப்போன சோறு

என் தகப்பனார் இதுவரை மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் ஜின்னிங்குக்கு வந்துவிடுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்து எனக்கு மனசுக்குள் வருத்தம். மழை மேகம் கிழக்கே திரண்டுகொண்டிருந்த ஒரு நாள், சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் அதைக் கோபமாகவே சொல்லிவிட்டேன்: "நான் பறந்தா என்ன, உளுந்தா என்ன, அவருக்கு ஒண்ணுமில்லீங்களே!"

அம்மா குழம்பு ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் தோட்டத்திலிருந்து மைதானம் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். "காத்தால அந்தச் சத்தம் கேட்டா உங்கய்யன் கெணத்துல கவலை ஓட்டித் தண்ணி எறைக்கறத நிறுத்திப்போட்டு மாட்டப் புடிச்சுட்டே நிப்பாரு கண்ணு. சத்தம் நின்னாலும் ஊட்டுக்கு வரமாட்டாரு. உன்ற சைக்கிள் மணி ரோட்டுல கேக்கற வரைக்கும் ஒரு வாய் சோறு உங்கறதில்ல."

முன் சீட்டில் யாருமில்லை

மறுநாள் காலை டிசூசா என்னோடு ஒரு சுற்று வந்தார். இறங்கியதும் என்ஜினை நிறுத்தச் சொல்லவில்லை. தாமே குதித்து இறங்கி, முன் சீட்டின் வாரைக் கட்டிப்போட்டு, வானத்தைக் கைகாட்டினார். கிழக்கே கருத்திருந்தது. இன்றில்லாவிட்டால் இந்த வருஷம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். நான் எதையோ மரியாதையாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு நடந்துவிட்டார்.

ஒருவர் பாரம் குறைந்ததால் விமானம் துள்ளிக்கொண்டு கிளம்பியது. மேலிருந்து பார்த்தால் குளம், மில், எங்கள் கிணறு எல்லாம் தெரிந்தன. கவலை மாடுகள் தனியாக நின்றன. தகப்பனாரைக் காணோம். திரும்பி இறங்க வந்தேன். விமானமோ இலேசாகிவிட்டதால் கீழே உட்காராமல் மிதந்துகொண்டே போயிற்று. பாதி மைதானம் போய்விட்டது, எதிரே குளத்து மேடு வருகிறது. "ஏனுங்க சார், எறங்கட்டுங்களா, போயிரட்டுங்களா?" என்று குழாயில் கேட்டேன். குழாயின் மறுமுனை காலிச் சீட்டில் கிடந்தது. பதில் சொல்ல யாருமில்லை. அப்புறம் யாரையும் கேட்காமல் என்ஜினை முழுசாகத் திறந்து, குளத்து மேட்டைத் தாண்டி மறுபடி மேலே போனேன். என் வாழ்நாளில் பெரியவர்களைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் அதுதான்.

இரண்டாம் தரம் முன்னாடியே என்ஜினைக் குறைத்தேன். விளிம்பைத் தாண்டினேன். ஓர் ஆள் உயரம். முழங்கால் உயரம். ஸ்டிக்கை விடவில்லை, மெல்ல, மெல்ல இழுத்தேன். ஒரு சின்னத் துள்ளல். பிறகு புல்லில் சக்கரம் உருளுகிற சத்தம். அந்தச் சத்தத்தைப்போல ஒரு சங்கீதம் நான் கேட்டதில்லை. விமானத்துக்குள்ளேயே கத்தினேன், சிரித்தேன், மூக்கு ஒழுக அழுதேன்.

நிறுத்திவிட்டு இறங்கினால், டிசூசாவுக்குப் பக்கத்தில் என் தகப்பனார் நிற்கிறார். காலெல்லாம் கிணற்றடிச் சேறு. கையில் சாட்டையை அப்படியே பிடித்திருந்தார். என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு சாட்டையை இறக்கைமேல் வைத்துவிட்டு டிசூசாவிடம் கேட்டார்: "ஏனுங்க வாத்தியாரே, பையன் லைசென்ஸுக்குப் படிக்கட்டுமுங்க. அதுக்கு முந்தி, இந்த முன்னாடி எடம் காலியாத்தானுங்களே கெடக்குது, இவன்கூட நானும் ஒரு சுத்துப் போயிட்டு வாரனுங்க." டிசூசா ஓடிப்போய் முன் சீட்டின் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்: "ஐயோ, வேண்டவே வேணாம் சார்! அப்பா முன்னாடி உக்காந்தா இவன் ஸ்டிக்கைத் தொடவே மாட்டான்!"

ஆகவே என் சொந்தக்காரர்களே, மரியாதையை எங்கே வேண்டுமானாலும் தாராளமாகக் காட்டுங்கள், தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.